கவறும் கணக்கும்

தமிழ் வகுப்புகளில் சூது பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே முறையில் நடைபெறுகிறது. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்திலிருந்து ஒன்றிரண்டு குறட்பாக்கள் மனப்பாடம் செய்விக்கப்படும். பின்னர்த் தருமன் கதையும் நளன் கதையும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும். சூது பொருளை அழிக்கும், புகழைக் கெடுக்கும், குடும்பத்தைச் சிதைக்கும் என்னும் முடிவுடன் பாடம் நிறைவுறும். இவை யாவும் உண்மையே. எனினும், மாணவன் ஒருவன் எழுந்து, “இவ்வளவு கெடுதி உண்டென்று அறிந்தும் அறிவுடையோர் ஏன் ஆடுகின்றனர்?” என்று வினவினால், “பேராசை” அல்லது “விதி” என்னும் ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது.

அவ்விடை போதாது. ஆசை எல்லார்க்கும் உண்டு. ஆசையுடையார் எல்லாரும் சூதாடுவதில்லை. சூதாடுவோன் தன் ஆசை இந்த ஆட்டத்தால் நிறைவேறும் என்று நம்புகிறான். அந்நம்பிக்கைக்குத் தனக்குத் தெரிந்த காரணங்களையும் அடுக்கி வைத்திருக்கிறான். அக்காரணங்கள் பிழையானவை. ஆகவே, சூது ஒழுக்கக் குற்றமாக வெளிப்படுவதற்கு முன்பே அறிவுப் பிழையாக உள்ளத்தில் வேர்கொண்டு விடுகிறது. தமிழ் மாணவர் பயிலும் இலக்கியங்கள் இப்பிழையை எவ்விடங்களில் நுட்பமாகக் கண்டுள்ளன, எவ்விடங்களில் கதைச் சுவையின் பொருட்டு மறைத்துவிட்டன என்பது ஆராயத்தக்கது.

கணக்கு கூறும் உண்மை

சூதின் கணக்கை முறையாக ஆராயும் துறை மேனாட்டில் 17ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. டி மேரே என்னும் பிரெஞ்சுக்காரர் சூதாட்டத்தில் பழகியவர். அவர் எழுப்பிய ஐயங்களை ஒட்டி, 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா ஆகிய இரு கணித அறிஞர்கள் கடிதம் எழுதிக்கொண்டனர். ஆட்டம் இடையில் நின்றுபோனால் பந்தயப் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பது அவ்வினாக்களுள் ஒன்று. இன்று நிகழ்தகவு என்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் கணக்கின் தொடக்கங்களுள் அக்கடிதங்கள் தலையாயவை.

அக்கணக்கிலிருந்து சூதாடுவோன் அறிய வேண்டுவன இரண்டு. முதலாவது, ஒவ்வோர் எறிதலும் தனித்தனியானது. ஒரு நாணயம் ஐந்து முறை தொடர்ந்து தலையாக விழுந்தாலும், ஆறாம் முறை தலை விழும் வாய்ப்பு பாதியே. நாணயத்திற்கு நினைவு இல்லை. முன் விழுந்ததற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கடமையும் அதற்கு இல்லை. இரண்டாவது, ஆட்டம் நடத்துவோர் பரிசின் அளவை வாய்ப்பின் அளவுக்குக் குறைவாகவே வைப்பர். அந்தக் குறைவே அவர்தம் வருவாய். ஏமாற்று எதுவும் இன்றி, முழு நேர்மையுடன் நடைபெறும் ஆட்டத்திலும் இந்த இழப்பு உண்டு.

வள்ளுவர் இக்கணக்கை அறிந்திருந்தார் என்று கூறுவது மிகை. பழைய நூல்களில் இக்கால அறிவியலை எல்லாம் தேடிக் காண்பது திறனாய்வாகாது. ஆயின், எண் கணக்கின்றியே சூதாடியின் மனக்கணக்கை அவர் உற்று நோக்கியிருக்கிறார் என்பதற்குக் குறட்பாக்களே சான்று.

குறள் காட்டும் மயக்கங்கள்

சூது அதிகாரம் தோற்றவனிடம் தொடங்கவில்லை, வென்றவனிடம் தொடங்குகிறது. வெற்றியே வருவதாயினும் சூதை விரும்பற்க என்று கூறி, அவ்வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது 931ஆம் குறள். அறநூல் ஒன்று தோல்வியின் துன்பத்தை முன்வைத்து அச்சுறுத்துவது எளிது. வள்ளுவர் அவ்வாறு செய்யாதது கருதத்தக்கது. முதல் வெற்றியைப் பெற்றவன் அதனைத் தற்செயலாகக் கொள்வதில்லை. தன் நல்லூழுக்கோ திறமைக்கோ கிடைத்த சான்றாகக் கொள்கிறான். இதுவே முதல் மயக்கம்.

ஒன்றைப் பெற்று நூற்றை இழப்போர் என்று சூதரைக் குறிக்கிறது 932ஆம் குறள். முன்னர் ஒன்று பெற்றமையால் இன்னும் பெறுவோம் என்னும் கருத்தே நூற்றை இழக்கச் செய்கிறது என்று இதனைப் பரிமேலழகர் விளக்குவார். இழப்புக்குக் காரணமாக ஊழையோ பகைவனையோ காட்டாமல், ஆடுவோனின் கருத்தையே காட்டிய அவ்வுரை போற்றற்குரியது.

ஒன்றும் நூறும் என்பன வெறும் உயர்வு நவிற்சி அல்ல என்பதை, உலகெங்கும் சூதாடுவோர் கையாளும் ஓர் உத்தியைக் கொண்டு காணலாம். தோற்றால் அடுத்த முறை இருமடங்கு வைத்தல் என்பதே அவ்வுத்தி. முதலில் 1 வெள்ளி, தோற்றால் 2, பின்னர் 4, 8, 16, 32, 64. இடையில் எப்போது வென்றாலும் இழந்தவை யாவும் மீண்டு, 1 வெள்ளி மிகும். ஆகவே தோல்வியே இல்லாத வழி இது என்று ஆடுவோன் எண்ணுகிறான். ஏழு முறையும் தோற்றால் இழப்பு 127 வெள்ளி. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் ஏழும் தொடர்ந்து தோற்பது 128இல் ஒரு முறை நிகழக்கூடியது. அதாவது, 127 முறை ஒவ்வொரு வெள்ளியாகச் சேர்த்ததை ஒரே முறையில் இழக்க நேரும். கணக்கு நேர் ஆகிறதே தவிர ஊதியம் எதுவும் இல்லை. நடத்துவோர்க்குரிய பங்கு கழிக்கப்படும் ஆட்டத்திலோ இழப்பு உறுதி. அடிக்கடி வரும் சிறு வெற்றிகள் மனத்தில் நிற்கின்றன. எப்போதோ வரும் பேரிழப்பு எதிர்பாராத விபத்தாகத் தோன்றுகிறது. உண்மையில் அவ்விபத்து அந்த உத்தியின் உள்ளேயே இருந்தது.

மூன்றாவது மயக்கம் கைத்திறன் பற்றியது. கவறு, ஆடுகளம் ஆகியவற்றுடன் கையையும் சேர்த்து, இவற்றைப் பெருமையாகக் கொண்டு விடாதவர் இல்லாதவராய்ப் போயினர் என்கிறது 935ஆம் குறள். கை என்பதற்குச் சூதாடும் கைத்தொழில் என்று பொருள் கொள்வது உரை மரபு. இஃது ஆழ்ந்து நோக்கத்தக்கது. திறமை சிறிதும் இல்லாத ஆட்டத்தில் திறமைச் செருக்குக் கொள்வது வெளிப்படையான பேதைமை. சிறிது திறமை உள்ள ஆட்டத்தில்தான் இச்செருக்கு மிகுதியும் ஏமாற்றும். போக்கர் என்னும் சீட்டாட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் திறமைக்கு இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கையில் ஒரே இனத்துச் சீட்டு நான்கு வைத்துக்கொண்டு ஐந்தாவதற்காக ஒரு சீட்டு மாற்றுவோன், “வரும், அல்லது வராது, ஆகவே பாதிக்குப் பாதி” என்று கருதிப் பந்தயம் கட்டுவதுண்டு. அவன் பாராத சீட்டுகள் 47. அவற்றுள் அவ்வினத்தன 9. வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. வென்றால் திறமை என்றும் தோற்றால் கெட்ட நேரம் என்றும் கணக்கெழுதுவோன் தன் பிழையை ஒருநாளும் கண்டறிய இயலாது.

நான்காவது மயக்கத்தை அதிகாரத்தின் இறுதிக் குறளில் காணலாம். இழக்க இழக்கச் சூதின்மேல் காதல் மிகுவதை, துன்புறத் துன்புற உடலின்மேல் உயிர் கொள்ளும் பற்றுடன் ஒப்பிடுகிறது 940ஆம் குறள். இழந்தவன் விலகிச் செல்வான் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. சூதிலோ இழப்பே கயிறாகிறது. இவ்வளவு இழந்தபின் எழுந்து சென்றால் இழந்தது இழந்ததாகவே ஆகிவிடும்; இருந்து ஆடினால் மீட்கலாம் என்று அவன் எண்ணுகிறான். வெற்றியில் தொடங்கிய அதிகாரம் இழப்பில் முடியும் இவ்வமைப்பு சூதாடியின் வாழ்க்கை வரிசையாகவே அமைந்துள்ளது. பத்துக் குறட்பாக்களையும் ஒருசேரப் படிப்போர்க்கே இது புலப்படும். ஒன்றிரண்டைப் பிரித்து மனப்பாடம் செய்வோர்க்குப் புலப்படாது.

சகுனி மறைத்த உண்மை

குறளில் இத்துணைத் தெளிவாகக் காணப்படும் அறிவுப் பிழை, பாரதக் கதையில் ஓரளவு மறைந்துவிடுகிறது. அதற்குக் காரணம் சகுனி. வியாசர் முதல் வில்லிபுத்தூரார், பாரதியார் வரை சகுனியின் வஞ்சகமே முன்னிற்கிறது. கதைக்கு அது வலிமை தருகிறது. ஆயினும் வகுப்பில் அக்கதையைக் கேட்கும் இளைஞன், சகுனி இல்லாதிருந்தால் தருமன் தோற்றிருக்க மாட்டான் என்னும் முடிவுக்கு வருவது இயற்கை. நேர்மையான ஆட்டம் ஆபத்தற்றது என்னும் தவறான எண்ணம் அதிலிருந்து பிறக்கிறது.

வியாச பாரதத்தின் சபா பருவத்தை ஊன்றிப் படிப்போர் வேறோர் உண்மையையும் காண்பர். தருமன் சூதை விரும்புபவன், ஆயின் ஆடத் தெரியாதவன் என்று சகுனியே துரியோதனனிடம் கூறுகிறான். அவன் நம்பியிருந்தது தன் கையை மட்டுமன்று. தருமனின் மனப்போக்கையும் ஆகும். பந்தயங்களின் வரிசையே இதற்குச் சான்று. மணியில் தொடங்கிய பந்தயம் பொருளுக்கும் தேருக்கும் யானைக்கும் ஏறி, நாட்டிற்கும் தம்பியர்க்கும் தனக்கும் பாஞ்சாலிக்கும் சென்று முடிகிறது. தன்னையும் இழந்து நின்றவனிடம், பாஞ்சாலியை வைத்து உன்னை மீட்டுக்கொள் என்று சகுனி தூண்டுகிறான். மீட்டுக்கொள் என்னும் அந்த ஒரு சொல்லே பொய்க் கவற்றினும் கொடியது. இழந்ததை அடுத்த எறிதல் திருப்பித் தரும் என்னும் நம்பிக்கை தருமனிடம் இல்லையெனில் அச்சொல்லுக்கு ஆற்றல் இல்லை.

இதனினும் வலிய சான்று இரண்டாம் சூது. பாஞ்சாலி பெற்ற வரங்களால் யாவும் மீண்டபின், மறுபடியும் அழைக்கப்பட்டுத் தருமன் வந்து ஆடுகிறான். பன்னிரண்டு ஆண்டு காட்டையும் ஓராண்டு மறைவு வாழ்க்கையையும் பெறுகிறான். முதல் ஆட்டத்தில் சகுனியின் தன்மை தெரியாது என்று கூறினாலும் கூறலாம். இரண்டாம் ஆட்டத்திற்கு அக்காரணம் பொருந்தாது. அரசனின் அழைப்பு, விதி என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. விதி என்னும் சொல் சூதாடுவோனுக்கு எவ்வளவு வசதியானது என்பது ஈண்டு வெளிப்படுகிறது. அது தோல்விக்கு விளக்கம் தந்து, தோற்றவனை ஆராய்ச்சியிலிருந்து விடுவித்துவிடுகிறது.

பாரதியாரின் பாஞ்சாலி சபதம் இவ்வகையில் ஒரு படி முன்னே செல்கிறது. முதற் பாகம் 1912இலும், முழு நூல் கவிஞர் மறைவுக்குப் பின் 1924இலும் வெளிவந்தன. நாட்டைப் பந்தயமாக வைத்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கவிஞரே தருமனைக் கடிகிறார். காவலுக்கு நின்றவன் வீட்டையே இழப்பதுபோல், தன்னுடையதல்லாத ஒன்றைத் தருமன் வைத்துவிட்டான் என்பதே அவர்தம் குற்றச்சாட்டு. சகுனியின்மேல் மட்டும் பழி போடாத அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆயினும் அங்கும் கடியப்படுவது எதனை வைத்தான் என்பதே. என்ன நம்பி வைத்தான் என்பதன்று.

நளன் பெற்ற கலை

நளன் கதை இவ்வினாவிற்கு மிக அருகில் வருகிறது. வியாச பாரதத்தில், காட்டில் வருந்தும் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் கூறும் கதை அது. தேர்ப்பாகனாக மறைந்திருக்கும் நளனுக்கு இருதுபன்னன் வழியில் ஒரு வியப்பைக் காட்டுகிறான். தான்றி மரம் ஒன்றைப் பார்த்த அளவில் அதன் இலையும் காயும் இத்தனை என்று கூறுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து, கூறியது சரி எனக் காண்கிறான். எண்ணும் கலையும் கவற்றின் மறையும் இருதுபன்னனிடம் ஒருங்கே இருந்தன. தன் குதிரைக் கலையைக் கொடுத்து நளன் அவற்றைப் பெறுகிறான். கலி அவனை விட்டு நீங்குகிறான். புகழேந்திப் புலவரும் நளவெண்பாவின் கலிநீங்கு காண்டத்தில் இந்நிகழ்ச்சியைப் போற்றியுள்ளார்.

பண்டைக் காலத்தில் தான்றிக்காயே கவறாக உருட்டப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், அம்மரம் அங்கு நிற்பதன் பொருத்தம் விளங்கும். கணக்கறிவு வந்த அளவில் கலி நீங்கினான் என்பது எத்துணைச் சிறந்த கருத்து! சூதின் மயக்கத்தை நீக்குவது நோன்பன்று, மந்திரமன்று, எண்ணறிவு என்று பழங்கதை கூறுகிறது. பாடநூல்கள் இந்நிகழ்ச்சியை வெறும் அற்புதமாகக் கடந்து செல்வது வருந்தத்தக்கது.

எனினும் கதையின் முடிவைத் திறனாய்வு நோக்குடன் காண வேண்டும். கலையறிந்த நளன் மீண்டும் புட்கரனுடன் சூதாடி நாட்டை மீட்கிறான். வியாசர் பாடலில் ஒரே பந்தயத்தில் யாவும் மீள்கின்றன. கேட்போர்க்கு இது மகிழ்ச்சி தரும் முடிவு. ஆயின், இன்னும் ஓர் ஆட்டம் ஆடினால் எல்லாம் திரும்பும் என்பதே சூதாடிகளைக் கெடுக்கும் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கதை மெய்ப்பித்துவிடுகிறது. உண்மையான கணக்கறிவு பெற்றவன் எப்போது ஆடாமல் எழ வேண்டும் என்பதை அறிவானேயன்றி, எல்லாவற்றையும் ஓர் எறிதலில் வையான். இக்குறையை எடுத்துக்கூறுவதால் நளன் கதையின் பெருமை குன்றாது. மாணவரின் சிந்தனை கூர்மையடையும்.

உருசியப் புதினம் ஒன்று

மீட்சி எவ்வாறு மயக்கமாகிறது என்பதைக் காவியத்தினும் புதினம் தெளிவாகக் காட்ட இயலும். உருசிய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கி 1866இல் எழுதிய ‘சூதாடி’ இதற்குச் சான்று. பதிப்பாளருக்குக் கொடுத்த கெடுவுக்குள் முடிக்க வேண்டி, ஒரு மாதத்திற்கும் குறைந்த காலத்தில் வாய்மொழியாகக் கூறி எழுதுவித்த நூல் அது. ஆசிரியரே ரூலெட் ஆட்டத்திற்கு அடிமைப்பட்டிருந்து, 1871இல் அதனை விட்டொழித்தவர்.

ரூலெட் உருளையில் ஐரோப்பிய வழக்கில் 37 குழிகள் உண்டு. 1 முதல் 36 வரை எண்களும் ஒரு சுழியமும். ஓர் எண்ணில் வைத்து வென்றால் 35 மடங்கு கிடைக்கும். 37 வாய்ப்புக்கு 35 மடங்கு என்பதால், நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ 2.70 வெள்ளி நடத்துவோர்க்குச் சேரும். அவ்வருவாய்க்கு வழி செய்வது அந்தச் சுழியமே. புதினத்தில் வரும் முதிய பாட்டி அந்தச் சுழியத்தையே விரும்பிப் பந்தயம் வைத்து முதல் நாள் பெரும்பொருள் வெல்கிறாள். பின்னர்த் திரும்பி வந்து பெருஞ்செல்வத்தை இழக்கிறாள். வள்ளுவரின் தூண்டில் உவமைக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது. தாளும் எழுதுகோலும் கொண்டு, முன் விழுந்த எண்களைக் குறித்துக் கணக்கிட்டு ஆடுவோர், கணக்கின்றி ஆடுவோரைப் போலவே தோற்கின்றனர் என்றும் நூல் காட்டுகிறது. அவர்கள் செய்தது கணக்கன்று. கணக்கின் உருவில் அமைந்த நம்பிக்கை.

அம்மனிதர்கள் கற்பனை என்று ஒதுக்க இயலாது. 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மாண்டி கார்லோவில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்ததாகக் கூறுவர். இனிச் சிவப்பே விழ வேண்டும் என்று நம்பி ஆடியோர் பெரும்பொருள் இழந்தனர். ஒவ்வொரு சுழற்சியிலும் சிவப்பின் வாய்ப்பு 37இல் 18 என்பது மாறவே இல்லை.

புதினத்தின் முடிவில், கதை கூறும் இளைஞன் தன் கடைசி நாணயத்தை உணவுக்கு வைக்காமல் ஆட்டத்தில் வைத்து வென்றதை நினைவுகூர்கிறான். அதனைத் தன் மன உறுதியின் சான்றாகக் கருதி, நாளையோடு எல்லாம் முடியும் என்கிறான். நளனின் வெற்றி காவியத்தில் மங்கலமாகிறது. இவ்விளைஞனின் வெற்றி விலங்காகிறது. வாழ்க்கைக்கு நெருங்கியது பின்னதே.

அன்றாட வாழ்வில்

இவ்வாராய்ச்சி மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தொலைவான செய்தியன்று. ‘நாலு நம்பர்’ என்று மக்கள் வழங்கும் நான்கிலக்கப் பந்தயத்தை அறியாத வீடு அரிது. விபத்துக்குள்ளான வண்டியின் எண், கனவில் வந்த எண், இறந்தோரின் வீட்டு எண் எனப் பலவும் தேடி வைக்கப்படுகின்றன. நெடுநாள் விழாத எண் விரைவில் விழும் என்பார் ஒருசாரார். 4272 பரிசு பெற, 4271 வைத்திருந்தோர், “ஒன்றில் தவறியது” என்று நெருங்கிவிட்டதாக எண்ணி மறுவாரமும் வைப்பர். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களும் ஒரே வாய்ப்புடையன. அடுத்த எண் அண்மையிலும் இல்லை, தொலைவிலும் இல்லை.

சிங்கப்பூரின் ‘பெரிது’ வகையில் ஒரு வெள்ளிக்குரிய பரிசுகளைக் கூட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். முதல் மூன்று பரிசுகள் 2,000, 1,000, 490 வெள்ளி. அடுத்து 250 வெள்ளிப் பரிசு பத்து. 60 வெள்ளிப் பரிசு பத்து. மொத்தம் 6,590 வெள்ளி. பத்தாயிரம் எண்களையும் ஒவ்வொரு வெள்ளி கொடுத்து ஒருவரே வாங்கினாலும், 3,410 வெள்ளி இழப்பு. இதில் சகுனி இல்லை. பொய்க் கவறு இல்லை. குலுக்கல் வெளிப்படையாகவே நடக்கிறது. ஆயினும் ஒரு வெள்ளிக்கு 34 காசு போய்விடுகிறது.

சகுனியின் வஞ்சகத்தை மட்டும் கற்ற மாணவனுக்கு இந்த இழப்பு கண்ணில் படாது. வஞ்சகன் இல்லாத இடத்தில் அச்சம் இல்லை என்றே அவன் கருதுவான். குறளின் பத்துப் பாக்களையும் ஒரு மனிதனின் நம்பிக்கை வரலாறாகக் கற்றவனோ, முதல் வெற்றியிலேயே தூண்டிலைக் காண்பான். ஆதலின் சூது அதிகாரம் கற்பிக்கும் நாளில் தமிழாசிரியர் ஒரு நாணயத்தையும் வகுப்பிற்குக் கொண்டுசெல்லலாம். மாணவரைச் சுண்டச் செய்து, விழுந்ததைக் கரும்பலகையில் எழுதி, அடுத்து என்ன விழும் என்று ஒவ்வொருவரையும் காரணத்துடன் கூறச் செய்யலாம். அவர்கள் கூறும் காரணங்களிலேயே தருமனும் நளனும் இருப்பர். அக்காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நீக்கிய பின் குறளை ஓதுவித்தால், அது மனப்பாடமாக மட்டும் நில்லாது, அறிவாக நிலைக்கும். தான்றி மரத்தடியில் நளன் பெற்றதும் அவ்வறிவே.